உது

பாசாயில், ரயில்பாலத்தின் நான்காம் தூணுக்கும்
ஐந்தாம் தூணுக்கும் நடுவே
பெயர்ப்பலகை இல்லாத கடை.
சாயம்போன குளிர்பான விளம்பரம்தான் கூரை.
பதினொரு அலுமினியப் பாத்திரங்கள்,
பதினொரு மூடிகள்.
ஒன்றுக்கு மட்டும் கைப்பிடி போய்
மரத்துண்டும் கம்பியும்.

இங்கே மெனு என்பது
மூடியைத் திறந்து பார்ப்பது.
எவரும் திறக்கலாம்,
முகரலாம், உதட்டைப் பிதுக்கலாம்.
கோன்சிங் கோபிப்பதில்லை.
திறந்தபடி விட்டுப் போனால்தான்
ஈ ஓட்டும் மோட்டாரைவிட வேகமாக
அவள் நாக்கு சுழலும்.

தூரோ-தூரோ என்கிறார்கள் இவ்வகைக் கடையை.
சுட்டு, சுட்டு.
விரல் நீட்டினால் தட்டு வரும்.
இது என்றால் என் மூக்கின் கீழே;
அது என்றால் பின்னடுப்பில் இன்னும் கொதிப்பது;
நம்மில் பலர் எங்கோ தொலைத்துவிட்ட உது
இவர்கள் பேச்சில் தினமும் புழங்குகிறது:
உன் பக்கம், உன் கரண்டியோரம்,
உது, அந்த வால்துண்டு.
குழம்பு கொஞ்சம் கூட ஊற்றேன்.

காலை ஐந்தரைக்கு ஜெனலின் வருவாள்.
இரவெல்லாம் எவனோ ஓஹையோக்காரனின்
கிரெடிட் கார்டுக்கு மன்னிப்புக் கேட்ட குரல்
இப்போது வெறும் விரல்.
பூண்டுச்சோறு, முட்டை,
உப்புக் கருவாடு ஒன்று.
வாய் திறப்பது மெல்லுவதற்கு மட்டும்.

பகலில் டெமியோங். சிமெண்டு முடி.
சோறு இரண்டு, அடோபோ பாதி.
பாதி என்றால் மூன்று துண்டில் ஒன்றரை;
அந்த அரைத்துண்டை வெட்டும்போது
கோன்சிங் கத்தி எப்போதும் கொஞ்சம்
கணக்குத் தப்பும்.
சாறு இலவசம்.
எலும்பை நேற்று நினைத்துக்கொண்ட சாறுதான்,
ஆனாலும் மூன்றாவது கிண்ணத்துக்கும் சூடு குறையாது.
பதினைந்தாம் தேதியும் முப்பதாம் தேதியும்
அவன் முழுசு கேட்பான், சத்தமாக,
அடுத்த மேசைக்கும் கேட்கும்படி.

மேசையில் காடி, சோயா, மீன்சாறு,
நசுக்கிய காந்தாரி, காலமான்சி மூடி.
அவள் சமைத்து முடித்ததை
ஒவ்வொருவரும் தன் சின்னக் கிண்ணத்தில்
மறுபடி சமைக்கிறார்கள்.
வேறு ஊரில் இதற்குச் சண்டை வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பாசிப்பயறு.
இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை.
மலுங்காய் என்கிறார்கள்,
நம் சொல்லையே வாயில் வெந்நீரோடு
சொல்வதுபோல.

மூன்று மணி.
பதினொன்றும் காலி.
கடன்நோட்டு மட்டும் நிறைந்திருக்கிறது.
கோன்சிங் தான் சமைத்ததைத் தின்னமாட்டாள்.
அதிகாலை மூன்றிலிருந்து அந்த வாசனை
அவளைத் தின்றுகொண்டிருக்கிறதே.

எழுந்து ஏழாம் தூணுக்குப் போகிறாள்.
அங்கே தெரோய். கரி, விசிறி, புகை.
அங்கே சுட்டு என்றால் வேறு.
வளைத்துக் குத்திய கோழிக்குடல்,
அடிடாஸ் என்று பெயர்பெற்ற கோழிக்கால்,
பீட்டாமாக்ஸ் என்று பெயர்பெற்ற ரத்தக்கட்டி,
இந்தப் பெயர்கள் எந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

எது வேண்டும், என்கிறான்.

பகலெல்லாம் இருநூறு விரல்கள்
அவளை நோக்கி நீண்டன.
அவள் விரலுக்கு
வழி தெரியவில்லை.
குடலுக்குப் போய், காலுக்குப் போய்,
கம்பிகளைத் தாண்டி,
அவன் முழங்காலருகே இருந்த
நீல டப்பாவில் நின்றது.

உது, என்றாள்.

அக்கா, இது என் சாப்பாடு.

உது.

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.
விசிறியைக் கீழே வைத்தான்.
மூடியை அவளே திறந்தாள்:
ஆறிய சோறு, பாதித் தக்காளி,
உப்பு முட்டை, யாரோ அவசரத்தில் உரித்தது,
ஓட்டின் சிவப்பு அங்கங்கே ஒட்டியிருந்தது.
ஆளுக்குப் பாதி.
இந்த முறை கணக்குத் தப்பியது அவன் கரண்டி.

தலைக்கு மேல் ரயில் போனது.
நான்காம் தூண்பக்கம் யாரோ
காலிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாய்
திறந்து மூடும் சத்தம்.
கடைசி மூடி மட்டும்
மூடப்படவில்லை.

கேட்டது அவளுக்கு.
தக்காளியை உப்பில் தொட்டாள்.