ஒன்று நாற்பது

ரென் நகரத்தில் சனிக்கிழமை உடைவதையெல்லாம்
திங்கட்கிழமை நான் மாட்டுகிறேன்.
காப்பீட்டு அலுவலகம், செல்போன் கடை,
பேருந்து நிறுத்தத்தின் பக்கச் சுவர்.
உயரம் இரண்டு பத்து, அகலம் ஒன்று நாற்பது:
ஆற்றோர வங்கியின் ஜன்னல் அளவு
என் கல்யாண நாளைவிட நன்றாக நினைவிருக்கிறது.

இந்த வசந்தத்தில் நான்காவது தடவை.
மேலாளர் கெர்வெல்லா
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்:
உடையாத கண்ணாடி என்று ஏதும் உண்டா?
உண்டு ஐயா,
விலையைக் கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள்.

அதனால் பலகை.
கோபம் ஓயும்வரை பலகை போதும் என்றார்
அடைமழையைச் சொல்வதுபோல.

பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்,
பன்னிரண்டு திருகாணி.
முடுக்கிவிட்டு நிமிர்ந்தால் கண் எரிகிறது.
நடைபாதைக் கற்களின் இடுக்கில்
கண்ணீர்ப்புகை இன்னும் தங்கியிருந்தது.
சனிக்கிழமை வீசியதற்குத் திங்கட்கிழமை அழுதேன்.
எதிர்ப்பக்க ரொட்டிக்கடைப் பெண்
வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து
ஒரு குரோசானைக் கையில் திணித்தாள்.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
பசித்தது.

கண்ணாடி முகம் காட்டும்.
பலகை வாய் கொடுக்கும்.
செவ்வாய்க்கிழமை: பணக்காரர்களுக்கு வரி போடு.
புதன்: அதற்குப் பக்கத்தில் ஒரு பூனை.
வியாழன்: ஒழிக.
யார் என்பது மழையில் கரைந்துவிட்டது.
வெள்ளிக்கிழமை, திருகாணி சரிபார்க்கக் குனிந்தபோது,
முழங்கால் உயரத்தில், நீலத்தில், சின்னதாக:

அறுபத்து நான்கு வரை
என் முதுகுக்கு எண்ணத் தெரியாது.

எழுத்தின் வாலை இடப்பக்கம் சுழித்துவிடும் அந்தக் கை
எனக்குத் தெரிந்த கை.
எங்கள் குளிர்பெட்டிக் கதவில் தினமும் எழுதுகிற கை:
வெண்ணெய் வாங்கு. வாடகை நாளை. எனக்கு இரவுப் பணி.

சொலேன்.
இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில்
தொண்ணூறு கிலோ மனிதர்களைக்
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு,
நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு.
ஊர்வலத்துக்கெல்லாம் எனக்கு நேரமேது என்று
போன வாரம்கூடச் சொன்னாள்.
ஏன் இவ்வளவு கீழே எழுதினாள் என்று
பாலம் கடக்கும்வரை யோசித்தேன்.
நிமிர முடியாத நாளாக இருந்திருக்கும்.

ஞாயிறு மதியம் அவள் தம்பி டுக்டுவால் வந்தான்.
கலவரத் தடுப்புப் படையில் இருக்கிறான்,
கன்னத்தில் ஒரு கல் அளவுக்கு ஊதா.
யார் எறிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.
அக்காவின் நகக்கண்ணில் ஏன் நீலம் என்று
அவனும் கேட்கவில்லை.
இரண்டு வருடம் தள்ளிப்போனது
அவன் ஓய்வும்தான்.
கோழி நன்றாக வெந்திருக்கிறது என்றான்.
உப்பை நகர்த்தினேன்.
அன்று எங்கள் வீட்டில் பேசப்பட்ட அரசியல் அவ்வளவே.

சட்டம் நிறைவேறியது.
மே மாதம் கெர்வெல்லா கூப்பிட்டார்:
பலகையைக் கழற்று, குப்பையில் போடு,
அதற்கும் பில் அனுப்பு.
பத்தொன்பது யூரோ பில் அனுப்பினேன்.
குப்பையில் போடவில்லை.

மெத்தைக்கு அடியில் கெட்டியாக ஏதாவது வையுங்கள் என்று
மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது.
எங்கள் கட்டிலின் அகலம் ஒன்று நாற்பது.
நீளத்தில்தான் இருபது சென்டிமீட்டர் மிச்சம்;
மேல்பக்கம் அறுத்தேன்.
பணக்காரர்கள் மீதான வரி அதோடு போயிற்று,
பூனையின் காதும்.

இரவுப் பணி முடிந்து வந்தவள்
காலணியைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தாள்.
கையால் மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.
எங்கிருந்து பலகை என்று கேட்டாள்.
வேலையில் மிச்சம் என்றேன்.

விளக்கை அணைத்த பிறகு, வெகுநேரம் கழித்து,
தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்த பிறகு,
எழுத்து மேலே இருக்கிறதா கீழேயா என்றாள்.