ஆறாம் வேலைநாள்

பள்ளி திறந்து ஆறாம் வேலைநாள்.
பகல் பன்னிரண்டுக்குள் தலை எண்ணிச்
சித்தூர் அலுவலகத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.
அன்று இருப்பவர்தான் இருப்பவர்.
அம்மை போட்டவனும்
அத்தை கல்யாணத்துக்குப் போனவளும்
அரசாங்கக் கணக்கில் பிறக்காதவர்கள்.

மூன்று நாளாகப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.
பதிவேடு மேசைமேல் நிற்கமாட்டேன் என்றது.
டஸ்டரை அதன்மேல் வைத்துவிட்டு எண்ணினேன்.
முப்பது.
வாசலில் நின்று எண்ணினேன்.
பெஞ்சுக்கடியில் பென்சில் தேடிய ஹர்ஷனையும் சேர்த்து
முப்பதுதான்.

முப்பத்தொன்று இருந்தால் தமிழுக்கு இரண்டு டீச்சர்.
முப்பதென்றால் ஒருத்தி.
'டிவிஷன் விழும்' என்பார்கள் இங்கே,
என்னமோ ஓட்டுக்கூரை விழுவதுபோல.
கூரை விழுந்தால் சத்தமாவது கேட்கும்.

நேற்றுச் சாயங்காலம் ரஜூலாவின் ஸ்கூட்டரில்
கோபாலபுரம் தாண்டி
தென்னைநார் மில் வரைக்கும் போனோம்.
பெயர் இன்னும் எங்கள் பதிவேட்டில்,
பிள்ளை அங்கே.
மௌனிஷின் அம்மா நார்த்தூசிக் கையைச்
சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல
காலையிலயே உப்புமா போடுறாங்க டீச்சர்.
ஏழு மணி ஷிப்டுக்கு ஓடுறவ
நான் எப்பச் சமைக்கிறது?"
பதில் எங்கள் இருவரிடமும் இல்லை.
மௌனிஷ் மட்டும் ஸ்கூட்டர் கண்ணாடியில்
நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் வணிகவரிச் சாவடி
பூட்டிக் கிடந்தது.
வரி மாறிய வருஷம் மூடியது.
அங்கே இருந்தவர்களையெல்லாம்
எங்கே போட்டார்களோ.
அவள் ஒன்றும் பேசவில்லை.
எங்கள் இருவரில் பின்னால் வந்தவள் ரஜூலா.
விழுந்தால் அவள்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
என் மகள் தீக்ஷிதாவுக்கு எட்டு வயது.
காலை ஏழே முக்காலுக்கு
எங்கள் தெருமுனையில் மஞ்சள் பஸ் ஹாரன் அடிக்கும்.
டை, வெள்ளை சாக்ஸ், இங்கிலீஷ் மீடியம்.
வருஷத்துக்கு நாற்பத்திரண்டாயிரம்,
இங்கே அ, ஆ எழுதிப்போட்டு வாங்கும் சம்பளத்தில்
மூன்று தவணையாகக் கட்டுகிறேன்.
ஏன் என்று என்னை யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்லக் காரணங்கள் வைத்திருக்கிறேன்,
ஒவ்வொன்றும்
மௌனிஷின் அம்மா சொன்னதைவிடச் சின்னது.
ரஜூலாவுக்கு எல்லாம் தெரியும்.
ஷூ போட நேரமாகி மகள் ஓடிவந்த ஒருநாள்
அந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி வைத்தவளே
அவள்தான்.

பதினொன்று ஐம்பதுக்குப் பிரசன்னன் மாஷ்
மவுஸை இரண்டு முறை அழுத்தினார்.
"கழிஞ்ஞு" என்றார்.
அவர் மொழியில் வேலை முடிந்தது.
என் மொழியில்
ஒன்று போக ஒன்று.

சித்தூரிலிருந்து போனில் கேட்டார்களாம்
ரஜூலாவுக்கு மலையாளம் எழுத வருமா என்று.
"படிப்பேன், எழுதினால் கால் வாங்க மறந்துவிடும்" என்று
சொல்லச் சொன்னாள்.
அட்டப்பாடியில் ஓர் இடம் இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
மாஷ் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

மதியம் முட்டை நாள்.
காலையிலிருந்து எண்ணியதெல்லாம்
முட்டைக்காகத்தான் என்று பிள்ளைகளுக்கு நினைப்பு.
நாகமணி அக்கா பதிவேட்டைப் பார்த்து
வேகவைத்திருந்தாள்.
"டீச்சர், ஒண்ணு மீதி!"
ஹர்ஷன் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

ரஜூலா அதைத் தூணில் தட்டி உரித்தாள்.
விரலால் இரண்டாகப் பிளந்து
மஞ்சள் அதிகம் ஒட்டிய பாதியை
என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.

உப்பு வேண்டுமா என்று கேட்டாள்.