இடஞ்சுழி

எடை போட்டுத்தான் வாங்கினேன் அந்த ஜீப்பை.
ஜெகதேவி கல்குவாரியில், கிலோ முப்பத்தெட்டு.
பின்சீட்டில் முளைத்திருந்த ஆவாரஞ்செடியைப் பிடுங்காமல்
சேர்த்தே நிறுத்தான் கணக்குப்பிள்ளை.
அதற்கும் கொடுத்தேன்.

மத்தூருக்கு இழுத்து வந்து
மாட்டுக்கொட்டகையில் பாதியைக் கேட்டேன்.
பெருமா பதில் சொல்லவில்லை.
முளைக்குச்சியை மட்டும் நாலடி தள்ளி அடித்தாள்.

கியர்பெட்டியைத் திறந்தால் எண்ணெய் இல்லை,
களி.
கருங்கல் தூள் குழைந்து
துடுப்பு நட்டால் நிற்கும் களி.
மண்ணெண்ணெயில் கழுவக் கழுவப் பற்கள் தெரிந்தன,
ஒரு சக்கரத்தில் இரண்டு பொக்கை.

பழையபேட்டை லேத்தில் முனீர் பாய்
அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
"எறிஞ்சிட்டு வேற வண்டி பாரு" என்றார்.
அவரும் எறியவில்லை.
பதினெட்டாம் நாள் பல் கட்டிக் கொடுத்தார்.

உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க
குவாரி மஞ்சள், அதன்கீழ் எந்தக் கட்சியோ ஒன்றின் இரண்டு நிறம்,
அதன்கீழ் வெள்ளை, பிறகு பாசிப்பச்சை,
பிறகு தகரம்.
தகரம் வந்த அன்று
நான் சாப்பிட மறந்தேன்.

மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன் நான்.
எது ஃபேஸ் எது நியூட்ரல் என்று
மழையிருட்டிலும் சொல்வேன்.
நாலே நாலு பிளக் வயர்
இரண்டு மாதம் என்னை ஏய்த்தன.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
வரிசை சரி. எத்தனை முறை பார்த்தாலும் சரி.
ஹேண்டில் போட்டுச் சுற்றினால்
கார்பரேட்டர் தும்மும்,
சைலன்சர் வெடிக்கும்,
கூரையில் காக்கை எழும்பும்,
எஞ்சின் எழும்பாது.
ஒருநாள் ஹேண்டில் திருப்பி அடித்து
மணிக்கட்டு சுரைக்காயானது.
குளியலறையில் வழுக்கியதாக
ஆபீசில் எழுதிக் கொடுத்தேன்.

பெருமா மாடு பிடிக்கிறவள்.
போச்சம்பள்ளிச் சந்தையில்
விரல் படாமல் ஒரு சுற்று வருவாள்,
சுழி படிப்பாள்,
சிலதைப் பல்லைக்கூடப் பார்க்காமல் விலகிவிடுவாள்.

அன்று பால் கறந்த கையோடு வந்து நின்றாள்.
"அந்த மூடியைக் கழட்டு."
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மெல்லச் சுற்றச் சொன்னாள் என்னை.
இன்னும் கொஞ்சம். இன்னும்.
உள்ளே அந்தச் சின்ன நாக்கு நகர்வதை
கிடேரியின் நெற்றியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இடஞ்சுழி" என்றாள்.

கடிகாரமும் கோயில் பிராகாரமும் பழக்கிய கை
என்னைக் கேட்காமலே
வலமாக அடுக்கியிருக்கிறது.
மூன்றையும் இரண்டையும் இடம் மாற்றினேன்.
அவ்வளவுதான்.
அறுபது நாளுக்கு
அவ்வளவுதான்.

விட்டத்தில் தொங்கிய சலைன் பாட்டிலில் பெட்ரோல்.
நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.
தகரக்கூரை, தவிட்டு வாளி, அவள் வளையல்
எல்லாமே நடுங்க,
செவலைப் பசு முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு ஓடியது,
பின்னால் கன்று,
கன்றின் பின்னால் பெருமா,
கையில் ஸ்பேனரோடு நான்.

துவரைக்காட்டைத் தாண்டி
குண்டு மாந்தோப்பு வேலியோரம் நின்றபோதுதான்
முதன்முதலாக அதைக் கேட்டேன்.
கிட்டே நின்றால் அது வெறும் சத்தம்.
இங்கிருந்து,
யாரோ எங்கோ கிளம்புகிறார்கள்.
பிறகு இரண்டு இருமல்.
பாட்டில் தீர்ந்திருக்கும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
மூச்சு வாங்கக் கேட்டாள்:
"ஓடினா நிக்குமா அது?"
"பிரேக் இன்னும் போடல."
"மொதல்ல அதப் போடு."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.
கன்று என் சட்டையில் கிரீஸை நக்கப் பார்த்தது.
"எடது பக்க சீட்டு என்னுதுதானே?"

"ஆமா" என்றேன்.

அந்தக் காலத்து வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம்.
தெரிந்துதான் கேட்டாளா என்று
கொட்டகை வரும்வரை நான் கேட்கவில்லை.