நாலு கிலோமீட்டர்

ஹைமாவுக்குத் தெற்கே பதினொரு வீடு,
ஒரு பள்ளிவாசல், எண்ணி முடியாத ஒட்டகம்.
ஷூரா தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
என்னையும் கிரேடரையும்
டிரெய்லரிலிருந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

வேட்பாளரே வந்து காவா ஊற்றிக் கொடுத்தார்.
"அடுத்த வருஷம் தார்" என்றார் என்னிடமும்,
எனக்கு ஓட்டில்லை என்று தெரிந்தும்.
வாய்ப்பழக்கம்.

போன தேர்தலில் அடித்த சர்வே முளைகளில்
முசல்லம் ஆடு கட்டியிருந்தார்.
சிவப்பு ரிப்பன் வெளுத்துப் பல் ஈறு நிறத்தில்.

சீவினேன்.
பிளேடுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு,
டயர்த் துண்டு,
யாரோ ஒரு பழைய வேட்பாளரின் பாதிச் சிரிப்பு.

ஓட்டு இப்போது போனில்தான்.
சிக்னல் தேடி
ஊரே தண்ணீர் டேங்கர் மேல் ஏறி நின்றது.
மறுநாள் விடியும் முன் டிரெய்லர் வந்துவிட்டது.

முசல்லம் பிக்கப்பின் முன்பலகையில்
நிறையச் சாயா வைத்து
நாலு கிலோமீட்டரும் போய்த் திரும்பினார்.
"ஒரு சொட்டு சிந்தலை, பார்."
ஐந்தாவதில் சிந்தியதைச் சட்டையில் பார்த்தேன்.

"பழையபடி குலுங்க எத்தனை நாள் ஆகும்?"

பதினைந்து என்றேன்.
இருபது என்று
சொல்லியிருக்கலாம்.