கரை

எங்கள் லைன் வீட்டுச் சுவருக்கு அக்கட்டால பன்னிரண்டு தறி.
சோமனூரில் ராத்திரிக்கும் தறி ஓடும்.
பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் இதழினி தூங்குகிறாள்.
நின்றால்தான் விழிப்பாள்.

நேற்றுவரை தூரியில் கிடந்தாள்.
விட்டத்தில் கொக்கி, கொக்கியில்
கோகிலவாணியின் கத்திரிப்பூ நிறச் சேலை,
நடுவில் அகலக்கட்டை.
ஒன்பது மாதம் போதுமாக இருந்தது.

இன்று பொழுதோட
ரசம் தாளித்துவிட்டுத் திரும்பினால்
கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்,
பஸ் படியில் தொங்கும் காலேஜ் பையன் கணக்காக.
இடுப்புக்கு மேல் பிள்ளை வெளியே.
சிரிப்பு வேறு.
பாய்ந்து பிடித்தேன்.
கையிலிருந்தது எங்கே விழுந்ததென்று தெரியாது.
கரண்டியைச் சொல்கிறேன்.

தூரியை அவிழ்த்தேன்.
முடிச்சு மாம்பிஞ்சாக இறுகியிருந்தது,
பல்லால் கடித்துத்தான் பிரிந்தது.

"கட்டில்ல போட்டு சுத்தீலும் தலகாணி அடுக்கி வுடு தம்பி"
என்றார் பக்கத்து வீட்டு மாராத்தா.
போனில் கோகிலா,
திருப்பூரில் செக்கிங் மேசை முன்னால் நின்றபடி:
"தலகாணியே வேண்டாமுங்க.
மூஞ்சிய மூடிக்கும்னு நர்ஸக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு.
கட்டிலும் வேண்டாம், போர்வையும் வேண்டாம்.
கீழ போடுங்க. வெறும் பாய்."
பின்னால் மிஷின், அதற்குப் பின்னால் சூப்பர்வைசர்.
வைத்துவிட்டாள்.

கீழே என்றால்?
முட்டி போட்டுப் பார்த்தேன்.
அவள் உயரத்திலிருந்து இது வேறு வீடு.
பீரோவுக்கு அடியில் தார்க்குச்சி,
என் லுங்கி மடிப்போடு வந்திருக்கும்.
காது குத்திய அன்று தொலைந்த திருகாணி.
ஐந்து ரூபாய்.
சுவரிலிருந்து ஆட்டுக் கயிறாகத் தொங்கும் சார்ஜர் வயர்.
கதவோரம் பக்கெட்,
பாதித் தண்ணீரோடு, சத்தமே இல்லாமல்.
எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன்.
பக்கெட்டைக் கவிழ்த்தேன்.
ஐந்து ரூபாய் மட்டும் என் பையில்.

மல்லாக்கக் கிடத்தினேன்.
தூக்கத்திலும் நகர்கிறாள்.
இக்கட்டால போட்டவள் அக்கட்டால இருக்கிறாள்,
நாடா ஓடுகிற மாதிரி
அறையின் குறுக்கே ஊடை இழுத்துக்கொண்டு.
குப்புற விழுந்தாள், அவளே புரண்டாள்.
மூக்குக்கு முன் விரல் வைத்துப் பார்த்தேன்.
சூடான காற்று.
இன்னொரு தரமும் வைத்தேன்.

தறிக்காரனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
துணி நடுவில் பிரியாது, கரையில்தான் பிரியும்.
கரைக்கு நூலை நெருக்கிக் கோர்ப்போம்.
வாசற்படியோரம் குறுக்காகப் படுத்தேன்:
தாழ்ப்பாள் சரியில்லாத கதவு,
பிறகு என் அறுபத்தெட்டுக் கிலோ,
பிறகு அவள்.

ரெண்டு மணிக்குக் கரண்டு போனது.
பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
அந்த அமைதி காதில் அறைந்தது.
இருட்டுக்குள் கொலுசு.
ரெண்டு மணிச் சத்தம், அப்புறம் ஒன்று,
அப்புறம் ஒன்றுமில்லை.
கை நீட்டித் தடவினேன். பாய் சூடாக இருந்தது.
பிள்ளை இல்லை.

எழவில்லை. எழுந்தால் மிதித்துவிடுவேன்.
கிடந்தபடியே "கண்ணு" என்றேன்.
பதில் என் கணுக்காலுக்கு வந்தது, எச்சில் ஈரத்தோடு.
பிறகு ஒரு முழங்கால்.
பிறகு வயிற்றின்மேல் ஏறினாள்.
அப்பனிடம் வரவில்லை, அப்பனைத் தாண்டப் பார்க்கிறாள்.
அவளுக்கு நான் ஒரு வரப்பு.
பாதி வரப்பில் தூங்கிப்போனாள்.

எடுத்துப் பாயில் விட்டேன்.
நெஞ்சும் ஒரு தலகாணிதான்,
அதையும் இன்றைக்கு நம்பவில்லை.

ஆறே காலுக்குக் கம்பெனி வேன்.
கோகிலா தள்ளிய கதவு என் முதுகில் இடித்தது.
"தூங்கவே இல்லீங்களா?"
"அவ தூங்குனா."
பாயைப் பார்த்தாள். பாயில் யாருமில்லை.
அரிசி டின்னுக்குப் பக்கத்தில், வெறும் தரையில்,
காலை மடக்கிக்கொண்டு கிடந்தது பிள்ளை.
கோகிலா குனிந்து மூக்குக்கு முன் விரல் வைத்தாள்.
இன்னொரு தரமும் வைத்தாள்.
பிறகு டின்னுக்குப் பின்னால் கைவிட்டு
ஒன்றும் பேசாமல்
கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.