குழிக்குள் படுத்தவன்

மூன்றடி கூட இறங்கவில்லை மண்வெட்டி,
அதற்குள் நான் இறங்கிப் படுத்துவிட்டேன்.
செம்மண் முதுகைச் சுடுகிறது, நோகா.
உன் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன்,
பொத்தானெல்லாம் முதுகுப் பக்கம்.
ஐந்நூறு ஃபிராங்க் வைக்காமல்
இடம் காலியாகாது என்று
உன் அண்ணன் தம்பிகளிடம் சொல்லியாயிற்று.
இருநூறு என்கிறான் பெரியவன்.
உங்கள் குடும்பமே கஞ்சக் குடும்பம்.

கிணறு தோண்ட வந்த வெளிநாட்டுக்காரர்
கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு
இந்தக் குடிகாரனை யாராவது தூக்குங்களேன் என்கிறார்.
யாரும் தூக்க மாட்டார்கள்.
நீ மோசி, நான் சாமோ.
ஒரு நாய்த்தலைக்காக நம் பாட்டன்மார் அடித்துக்கொண்டார்களாம்.
தலை யாருக்குப் போனது என்பது மட்டும்
இன்றுவரை முடிவாகவில்லை.
அன்றிலிருந்து நாம் ரக்கியா.
ஏசிக்கொள்ள உரிமை உண்டு,
கோபித்துக்கொள்ள இல்லை.

மேலே பார்,
இல்லை, உனக்கு முடியாது, நானே சொல்கிறேன்:
ஃபூலானிப் பால்காரி கும்போ வந்திருக்கிறாள்.
வெல்டிங் சானூ, போபோக்காரன், சும்மா இருப்பானா?
மாடுகளையெல்லாம் எண்ணிக் கட்டிவிட்டுத்தானே வந்தாய் என்கிறான்.
எண்ணினேன், ஒன்று குறைந்தது,
இங்கே நிற்கிறது என்கிறாள் அவள், அவனைப் பார்த்து.
குருன்சி நெபியே, பிசாக்காரன் சாரேயின் சட்டைப் பையில்
வேர்க்கடலைத் தோலைத் திணிக்கிறான்.
இவன் செத்தால் அழ வேண்டாம்,
மூக்குக்கு நேரே நாலு கடலையைக் காட்டுங்கள்,
எழுந்து உட்காருவான்.
அறுபதுக்கு மேல் மொழிகள் இந்த நாட்டில் என்பார்கள்.
எனக்கு நாலில் ஏசத் தெரியும்,
ஒன்றில்தான் மன்னிப்புக் கேட்க.

தூகான் சாலையில் ஒரு ராத்திரி, நினைவிருக்கிறதா?
மழை விட்டு, தவளைகள் கத்திய நேரம்.
சிப்பாய் என் அட்டையை டார்ச் ஒளியில்
எழுத்துக் கூட்டிப் படித்தான்.
டோயேவா? நாய் தின்னி! இறங்கு கீழே.
நான் இறங்கும்போதே
பின் இருக்கையில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.
நீயும் எங்கள் ஆள்தானா என்றான், அவனும் சிரித்தான்,
துப்பாக்கி அவன் தோளுக்குப் போனது.
அந்த வருஷம் எல்லாச் சாவடியிலும்
அந்தச் சிரிப்பு இருக்கவில்லை.
பெயரைச் சொன்னதற்காகவே
வீடு திரும்பாதவர்களை நீயும் நானும் அறிவோம்.
கும்போவின் தம்பி அதில் ஒருவன்.
அதை யாரும் கேலி செய்வதில்லை.

காலையில் உன்னைப் போல நடந்து காட்டினேன்,
இடது காலை இழுத்து இழுத்து.
கடன் கேட்டால் செவிடாகும் உன் வலது காதையும்.
உன் பெண்டாட்டி தலைத்துணிக்குள் சிரித்தாள்.
இரண்டு நாளில் முதல் முறையாகத்
தண்ணீர் கேட்டாள்.

அழ உன் வீட்டார் இருக்கிறார்கள்,
ரக்கியாவுக்கு வேலை வேறு.
ஆனால் குழியில் ஒரு வசதி, நோகா:
முழங்கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டால்
வெயிலுக்கு மறைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போது நெஞ்சில் விழுந்தது ஒரு மண்கட்டி.
விளிம்பில் உன் தெனே,
வியாழக்கிழமையிலிருந்து வாய் திறக்காதவள்,
ஒன்பது வயசு,
இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியிருந்தாள்.
என் அடிமையே, எழுந்திரு.
அப்பாவுக்கு இடம் வேண்டும்.

கூட்டம் ஒரு கணம் மூச்சு விடவில்லை.
பிறகு வெடித்த சிரிப்பில்
மரத்துக் காக்கைகள் பறந்தன.

இருநூற்றைம்பதுக்கு ஏறி வந்தேன்.
மீதியைத் தான் பெரியவளானதும் தருவாளாம்.
தரமாட்டாள்.
மோசிக்காரிதானே.