உள்ளடக்கம்: பார்க்கப்படவில்லை

ஐசெல் நதி இரண்டு முறை தெருவுக்கு வந்துபோன ஆண்டு
டெவெந்தரின் எங்கள் ஆவணக் காப்பகத்துக்குத்
திருமதி ஹில்கெமா
பதினான்கு பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்தார்.
கணவர் போய் ஒன்பது வாரம்.
"ஏதோ சபையில் இருந்தார்,
வியாழக்கிழமை இரவுகளில்.
சீட்டாட்டம் என்றுதான் நினைத்திருந்தேன்."

டின்களுக்குள்
காபிக் கறையோடு ஒரு வெள்ளை அங்கி.
சந்தா ரசீதுகள்.
எழுபத்திரண்டு தேவதூதர் பெயர்கள் தட்டச்சில்,
ஒருவருக்கு மட்டும் எழுத்துப்பிழை,
பென்சிலால் திருத்தியிருந்தது.
வெளியே சொன்னால் நாக்கு அறுபடும்
என்ற சத்தியத்துக்கு அடியில்
அடுத்த கூட்டத்துக்குப் பால் வாங்குவது யார் என்ற குறிப்பு.

நான் பட்டியல் எழுதுகிறவள்.
நம்புவதும் என் வேலையில்லை,
சிரிப்பதும் இல்லை.
பெட்டியில் அமிலம் கூடாது,
ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டக் கூடாது.
என் வேதம் இவ்வளவுதான்.

மூன்றாம் மேசையில் டூவே.
முப்பது வருடம் நீரிறைக்கும் நிலையத்தில் பொறியாளர்.
பச்சைச் சிங்கம் சூரியனை விழுங்கும் படத்தின்மேல்
பூதக்கண்ணாடி வைத்து,
அது துத்தமா கந்தகமா என்று
மூன்று மாதமாக
பரிபாஷையோடு மல்லுக்கட்டுகிறார்.
ஜன்னலோரம் வருகிறவர் கேட்பது ஒன்றே ஒன்று:
கண்ணுக்குத் தெரியாமல் போகும் வழி.
"அந்தக் கோப்பு 1931 முதல் காணவில்லை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சான்றாகக் குறித்துக்கொண்டார்.

கூட்டக் குறிப்பேடு கடைசி டின்னில்.
வந்தோர் பத்தொன்பது.
வந்தோர் பதினொன்று.
ஒரு பக்கத்தில் இரண்டு மரணம், ஒரு மனவருத்தம்.
வந்தோர் மூன்று.
பிறகு ஒன்பது ஆண்டுகள்
ஒரே கையெழுத்து:
வந்தோர் ஒருவர்.
நாற்காலி ஏழும் போடப்பட்டன.
சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டது.
மறுப்பு ஏதுமின்றி ஏற்கப்பட்டது.

குறிப்பேட்டுக்கு அடியில் ஓர் உறை, சிவப்பு அரக்கு முத்திரை.
ஏழு பேர் கூடியிருக்கும்போது மட்டும் திறக்க.

இயக்குநர் ஹர்மென் கத்தியோடு வந்தார்.
"இது ஆராய்ச்சி நூலகம், கோயில் இல்லை."
நியாயம்தான்.
உறையைத் தராசில் வைத்தேன்: பதினோரு கிராம்.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
காகிதம் காகிதத்தைத்தான் காட்டியது.
தொலைபேசி அழைக்க
அவர் கத்தியை என் மேசையிலேயே விட்டுப் போனார்.

அடுத்த வியாழன் திருமதி ஹில்கெமா வந்தார்.
குறிப்பேட்டை விரல் வைத்து,
கடைசிப் பக்கம்வரை வாசித்தார்.
"ஏழு நாற்காலியா?
அதனால்தான் அந்த முதுகுவலி."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ரொம்ப நேரம் துடைத்தார்.

மணி ஐந்தாக எட்டு நிமிடம்.
டூவே, ஜன்னலோரத்துக்காரர்,
குரோனிங்கனிலிருந்து வந்த இரண்டு மாணவிகள்,
தொலைபேசி முடித்துக் கத்தி தேடி வந்த ஹர்மென்,
அந்த அம்மாள்.
என்னையும் சேர்த்து எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
மூடும் மணியை அடித்தேன்,
எட்டு நிமிடம் முன்னதாகவே.

பதிவெண் 418.
உறை ஒன்று. அரக்கு, சிவப்பு. பதினோரு கிராம்.
உள்ளடக்கம்: பார்க்கப்படவில்லை.

கோட்டு மாட்டிக்கொண்டே திருமதி ஹில்கெமா கேட்டார்:
காகிதமெல்லாம் இங்கேயே இருக்கட்டும்,
டின்களை மட்டும் திருப்பித் தருவீர்களா?
கிறிஸ்துமஸ் வருகிறதே.